வேனிலும் வீட்டுக் கோழியும்

சோழ மன்னர்களின் பழைய தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்பது மற்றொரு பெயர். சேவல் ஒன்று யானையொன்றைப் போரில் வென்ற இடம் அது என்றும், அதனாலேயே அந்நகர் அப்பெயர் பெற்றது என்றும் பழங்கதை கூறும். காவிரி நாட்டில் கோழிக்கு இத்தகைய பெருமை உண்டு. ஆயினும், யானையை வென்ற அவ்வினத்தை ஆண்டுதோறும் வருத்தி வாட்டும் பகை ஒன்றும் உண்டு. அதுவே வேனிலின் வெம்மை.

காவிரியின் கிளையாறுகள் கடலோடு கலக்கும் பகுதியில் அமைந்தது காரைக்கால். 1954-ஆம் ஆண்டு வரை பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்த இவ்வூர், இன்று புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப் பரப்பைச் சேர்ந்தது. நிலப்புறம் முழுவதும் தமிழ்நாட்டால் சூழப்பட்டது. கிழக்கே வங்கக் கடலை எல்லையாக உடையது. இங்கு உழவர் இல்லங்களிலும் மீனவர் இல்லங்களிலும் கொல்லைப்புறத்தில் நான்கைந்து கோழிகள் மேய்ந்து திரிவதைக் காணலாம். அவை இடும் முட்டைகள் குழந்தைகளுக்கு நல்லுணவாகின்றன. எஞ்சியவற்றை விற்று வரும் பணம் இல்லத்தரசியின் சிறுவாட்டில் சேர்கிறது. பிள்ளைகளின் எழுதுகோலுக்கும் ஏட்டுக்கும் அச்சிறுவாடு உதவுவதுண்டு.

சித்திரை பிறந்ததும் இந்த வரவு சுருங்கத் தொடங்கும். நாள்தோறும் கூடையில் கிடந்த முட்டைகள் அருகும், கிடைப்பவையும் சிறுத்திருக்கும், தொட்டால் உடையும் மெல்லிய ஓட்டோடு சில காணப்படும். “இக்கோழி இனிப் பயன்படாது” என்று எண்ணிக் கறிக்கு விற்றுவிடுவோரும் உளர். வெயில் தணிந்தபின் மீண்டும் முட்டையிடக்கூடிய கோழி, உண்மைக் காரணம் அறியப்படாமையால் வேனிலிலேயே உயிரிழக்கிறது. குறை கோழியினிடத்தில் உள்ளதா, வளர்ப்பு முறையில் உள்ளதா என்று ஆராய்தல் வேண்டும்.

கோழி முட்டையிடுவதற்கு நீண்ட பகலொளி தேவை. காரைக்காலில் ஆனி மாதத்தில் பகற்பொழுது ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம் நீடிக்கும். ஓராண்டில் மிக நீண்ட பகல் அதுவே. எனவே, வேனிலில் ஒளிக்குக் குறைவில்லை. முட்டை குறைவதற்கு வெம்மையே முதற்காரணம் என்பது இதனால் தெளிவாகும்.

மாந்தர் உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். கோழியின் உடலோ 41 பாகையை ஒட்டிய வெப்பம் உடையது. மாந்தருக்கு வியர்வைச் சுரப்பிகள் உண்டு. கோழிக்கு அவை இல்லை. அதன் உடலை இறகுகள் போர்வைபோல் மூடியுள்ளன. கொண்டை, தாடி, கால் ஆகிய இறகற்ற உறுப்புகளின் வழியாகவே உடல் வெப்பம் எளிதில் வெளியேறுகிறது. காற்றின் வெப்பநிலை 30 பாகையைக் கடந்துவிட்டால் இவ்வழி போதாது. அப்போது கோழி சிறகுகளை உடலினின்று விலக்கி வைத்துக்கொண்டு, அலகைத் திறந்து, விரைந்து மூச்சு வாங்கும். இதனை நோய் என்று சிலர் கருதுவர். உண்மையில் இது கோழி தன் உடலைக் குளிர்விக்கும் முயற்சியே. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். மூச்சோடு வெளியேறும் நீராவி அவ்வெப்பத்தை உடலினின்று கவர்ந்து செல்கிறது. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பதும் இவ்விதியின்படியே ஆகும்.

கடற்கரை ஊராகிய காரைக்காலில் இம்முயற்சிக்கு ஓர் இடையூறு உண்டு. உள்நாட்டு ஊர்களைப் போல இங்குக் காற்று எப்போதும் உலர்ந்திருப்பதில்லை. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் துணி விரைவில் காயாது. கோழியின் மூச்சிலுள்ள நீரும் விரைவில் ஆவியாகாது. ஆதலால், வெப்பமானியில் காணும் அளவு சிறிது குறைந்திருந்தாலும் கோழி படும் துன்பம் குறைவதில்லை.

வெம்மையினால் முட்டை குறைவது எவ்வாறு? உணவு செரிக்கும்போது உடலில் வெப்பம் பிறக்கும். அதனைத் தவிர்க்கக் கோழி தீனியைக் குறைத்துக்கொள்ளும். தீனி குறையவே, முட்டைக்கு வேண்டிய புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறையும். மேலும், விரைந்து மூச்சு வாங்குவதால் உடலிலிருந்து கரியமில வாயு மிகுதியாக வெளியேறிவிடும். முட்டை ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் என்னும் பொருள். அதனை உண்டாக்கக் கால்சியமும் வேண்டும். கரியமில வாயுவிலிருந்து தோன்றும் கார்பனேட்டும் வேண்டும். இரண்டும் குறைந்தால் ஓடு மெலிவதில் வியப்பில்லை.

காரணம் விளங்கியபின் பரிகாரம் காணல் எளிது. முதற்கண் வேண்டுவது நிழல். வேம்பு, புங்கு, முருங்கை முதலிய மரங்களின் அடியில் கோழிக்கூட்டை அமைத்தல் நலம். தகரக் கூரை வெயிலில் அடுப்பைப்போல் காயும். தென்னங்கீற்றும் பனையோலையும் அவ்வாறு காய்வதில்லை. தகரக் கூரையே உள்ளதாயின், அதன்மேல் வைக்கோலைப் பரப்பலாம். அல்லது வெண்சுண்ணாம்பு பூசலாம்.

அடுத்து வேண்டுவது காற்று. வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் தமிழர் பெயரிட்டு வழங்கினர். வேனிலில் முற்பகலில் நிலத்திலிருந்து வெப்பமான கோடைக்காற்று வீசும். நண்பகலையொட்டிக் கடற்காற்று எழுந்து வெம்மையைத் தணிக்கும். கோடைக்காற்று வலுத்த நாளில் கடற்காற்று காலந்தாழ்ந்தே வரும். அந்நாளே கோழிக்குக் கொடிய நாள். கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால், காலை மாலை வெயில் அகன்ற பக்கங்களில் நேரே தாக்காது. தென்புறத்தைக் கம்பி வலையிட்டுத் திறந்து வைத்தால் தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று உள்ளே புகும். கோடைக்காற்று வீசும்போது மேற்குப் பக்கத்தில் நனைந்த சாக்கைத் தொங்கவிடலாம். உலர்ந்த காற்று அதன் வழியே வரும்போது குளிரும். கடற்காற்று வந்தபின் சாக்கை அகற்றிவிடல் வேண்டும். ஈரக்காற்றில் மேலும் ஈரம் சேர்ப்பது தீமையே பயக்கும். கீரிக்கும் நாய்க்கும் அஞ்சி, காற்றுப் புகாத கூட்டில் இரவில் கோழிகளை நெருக்கி அடைத்தலும் தவறு. வலையடித்த கதவு பகையையும் தடுக்கும், காற்றையும் விடும்.

மூன்றாவது நீர். முட்டையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீரே. இயல்பான நாள்களில் கோழி தான் உண்ணும் தீனியைப்போல் இருமடங்கு நீர் பருகும்; கடுங்கோடையில் நான்கு மடங்கும் பருகும். முட்டையிடும் கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் வரை தேவைப்படலாம். அகன்ற மண்சட்டிகளை நிழலில் இரண்டு மூன்று இடங்களில் வைத்து, நாள்தோறும் தேய்த்துக் கழுவி, பகலில் பலமுறை குளிர்ந்த நீரை மாற்றுதல் வேண்டும். ஒருநாள் நீரின்றி வாடிய கோழி மீண்டும் முட்டையிடப் பல நாள்கள் ஆகும்.

நான்காவது தீனி. நண்பகலில் தீனி இடலாகாது. விடியற்காலையில் ஒரு முறையும், வெயில் சாய்ந்தபின் ஒரு முறையும் இடுதல் நன்று. நொய், தவிடு, கேழ்வரகு ஆகியவற்றோடு கடலைப் பிண்ணாக்கும் சேர்த்தால், குறைந்த தீனியிலும் புரதம் குறையாது. முருங்கை, அகத்தி முதலிய கீரைகளையும் நறுக்கிப் போடலாம். கடற்கரையில் எளிதில் கிடைக்கும் மீன் தூளும் நல்ல தீனியே. ஆனால், உப்பிட்ட கருவாடு ஆகாது. உப்பு தாகத்தைப் பெருக்கும். அளவு மிகின் உயிரையே போக்கும்.

ஓட்டின் உறுதிக்கு வேண்டிய பொருளைக் கடலே கொண்டுவந்து தருகிறது. காரைக்காலின் மீனவர் ஊர்களுள் ஒன்றன் பெயர் கிளிஞ்சல்மேடு. கிளிஞ்சலும் முட்டை ஓடும் பெரும்பாலும் ஒரே பொருளால் ஆனவை. கிளிஞ்சலை நன்னீரில் பலமுறை கழுவி, உப்பை நீக்கி, உலர்த்தி, அரிசி அளவில் உடைத்துத் தனிச்சட்டியில் வைத்தல் வேண்டும். முட்டையின் ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். அதன் பெரும்பகுதி இரவிலேயே நிகழ்கிறது. ஆதலால், மாலையில் கோழி கிளிஞ்சலைக் கொத்தித் தின்பது மிகுந்த பயன் தரும்.

முட்டையைப் பேணுதலும் இதனோடு சேர்ந்ததே. சேவலோடு வாழும் கோழியின் முட்டையில் கரு உண்டு. வேனிலின் வெம்மையில் அடைகாவாமலே அக்கரு வளரத் தொடங்கிப் பின் அழியும்; முட்டை கெடும். ஆதலால், காலையிலும் மாலையிலும் முட்டைகளை எடுத்து, ஈரமணல் பரப்பிய அகன்ற சட்டியின்மேல் கூடையை அமைத்து, அதில் வைத்தல் நலம்.

வேனிலில் பரவும் வெள்ளைக் கழிச்சல் என்னும் கொடிய நோய் கொல்லைக் கோழிகள் அனைத்தையும் ஒருசேர மாய்க்க வல்லது. இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கேத்து என்னும் ஊரில் 1927-இல் காணப்பட்டமையால், இந்தியாவில் இதற்கு இராணிக்கேத்து நோய் என்ற பெயரும் ஏற்பட்டது. நோய் வந்தபின் தீர்க்க மருந்தில்லை. வருமுன் காக்கத் தடுப்பூசி உண்டு. வெயில் முற்றுவதற்கு முன்பே, மாசி மாதத்திற்குள் கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி போடுவித்தல் அறிவுடைமை.

இவ்வளவும் செய்தும் ஒரு கோழி வெயிலில் தளர்ந்து வீழ்ந்தால், அதனை உடனே நிழலுக்குக் கொண்டுபோதல் வேண்டும். கால்களையும் கொண்டையையும் தண்ணீரால் நனைத்து, அலகின் நுனியை நீரில் தோய்த்து, அது தானே பருகுமாறு விடுதல் வேண்டும். வாயைத் திறந்து நீரை ஊற்றினால் அது மூச்சுக்குழலில் புகுந்து உயிரைப் போக்கும்.

மேற்கூறியவற்றுள் பெரும்பொருட் செலவில் முடிவது ஒன்றேனும் இல்லை. மரத்தின் நிழலும், மண்சட்டியின் நீரும், கடலோரக் கிளிஞ்சலும் எளியோர்க்கும் கிடைப்பவை. வேண்டுவது, காலமறிந்து அவற்றைப் பயன்படுத்தும் கருத்தே. வேனிற்காலத்தில் முட்டை சிறிது குறைதல் இயற்கை. ஆயினும், இவ்வாறு பேணப்பட்ட கோழி உயிரும் உடலும் நலமாக இருந்து, வெயில் தணிந்ததும் மீண்டும் முட்டையிடும். அது அறியாது கோழியை விற்றுவிட்ட இல்லமோ, மழைக்காலத்தில் வெறுங்கூடையையே காணும். முட்டை குறைந்தபோது கோழியைப் பழிக்குமுன், அதன் கூரையையும் நீர்ச்சட்டியையும் நோக்குவதே வளர்ப்போர் கடமையாகும்.