தூரிலிருந்து ஒரு சாண்

அன்புள்ள தம்பிக்கு,

இயற்கை முறையில் பன்னீர் திராட்சை போட்ட கதையைத் தம்பி எழுதியிருந்ததைச் சுருளிப்பட்டிக் கிழவன் இரண்டு தரம் படித்தான். மூடாக்கு எதற்கு என்பதைத் தம்பிக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோபம் வந்தது அதோடு இருந்த புகைப்படத்தைப் பார்த்துத்தான்.

கவாத்து செய்த தழையை அப்படியே கொடியின் தூரில் முழங்கால் உயரத்துக்குக் குவித்திருக்கிறார் தம்பி! அடிச்சாம்பல் நோயின் வித்துகள் அந்தச் சருகில்தான் அடுத்த மழைவரை பதுங்கிக் கிடக்கும். குவியலுக்குள் எறும்பு குடியேறும்; எறும்பு வந்தால் மாவுப்பூச்சிக்குக் காவல் கிடைத்த மாதிரி. கவாத்துக் கழிவு தோட்டத்துக்கு வெளியே போக வேண்டியது. மூடாக்குக்குக் கரும்புத் தோகை போதும், நாலு அங்குலம், தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி.

கிழவனும் ஒரு காலத்தில் வாழைச் சருகைத் தூரோடு அணைத்தவன்தான். அந்தப் போகத்தில் குலைக்குள் எல்லாம் மாவுப்பூச்சியின் வெள்ளைப் பஞ்சு. வியாபாரி ஒரு குலையைத் தூக்கிப் பார்த்தார், பேசாமல் வண்டியில் ஏறிப் போய்விட்டார். பிறகு கிழவனும் வீட்டம்மாளும் கொடி கொடியாகப் பூச்சி ஒளிந்திருந்த காய்ந்த பட்டையை உரித்து, தேங்காய் நாரால் தேய்த்து, உரித்ததைக் கொளுத்தினார்கள். விரல் நுனியெல்லாம் பிசுபிசுப்பு.

அடுத்தது தம்பி எழுதிய ரோஜா. பிரான்சில் வரிசை முனையில் நடுகிறார்களாம், சாம்பல் நோய் முதலில் அதில் தெரியுமாம். ரோஜாவைப் பிடிக்கும் பூஞ்சை வேறு, திராட்சையைப் பிடிப்பது வேறு; ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தொற்றாது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பழத்துக்கு இந்தச் சீமைச் சடங்கு எதற்கு? திராட்சையே சீமையிலிருந்து வந்ததுதானே என்று தம்பி கேட்பார், கேட்கட்டும்.

தம்பி எழுதியபடி செண்டுமல்லி வேர்முடிச்சு நூற்புழுவை அடக்கும், உண்மை. ஆனால் நெருக்கமாக, மாதக்கணக்கில் நின்றால்தான். வரப்போரம் பத்துச் செடி பார்வைக்கு அழகு. பந்தல் மூடிவிட்டால் அடியில் வெயில் ஏது? கவாத்து முடிந்து பந்தல் மொட்டையாக நிற்கும் நாட்களில் சணப்பை விதைத்து, பூவெடுக்கையில் அறுத்து அங்கேயே பரப்பலாம்.

தட்டைப்பயறு பற்றித் தம்பி எழுதிய பத்தி மட்டும் பொன். செடியில் அசுவினி மொய்த்தும் தெளிப்பானைத் தொடாமல், பொறிவண்டு வரும்வரை தம்பி பொறுத்திருந்தாரே, அந்தப் பொறுமை கிழவனுக்கு இந்த வயதிலும் கிடையாது.

இந்த வாரமே தூரைச் சுற்றிக் கிடப்பதை ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு கொடியின் பட்டையை உரித்துப் பார்த்துத் தம்பி பதில் எழுத வேண்டும்.