சொன்ன கணக்கும் எண்ணிய கணக்கும்

நம் விடுதியில் எந்த அறைக் கதவைத் திறந்தாலும் பாட்டுதான். 'எது நம்பர் ஒன்?' என்று சண்டை வேறு. அந்த நம்பரை யார், எப்படிப் போடுகிறார்கள் என்று தேடியபோது அமெரிக்க ராக் இசைப் பட்டியல்களின் கதை கிடைத்தது. நம் தொடர்பியல் பாடத்துக்கும் அதில் வேலை இருக்கிறது!

1960-களில் அங்கே பல எஃப்.எம். நிலையங்கள் ஏ.எம். நிகழ்ச்சியையே திருப்பி ஒலிபரப்பின. 'பாதி நேரமாவது தனி நிகழ்ச்சி நடத்துங்கள்' என்று பெரிய நகரங்களுக்கு அரசு ஆணையம் விதி போட்டது. நேரத்தை நிரப்பச் சரக்கு வேண்டுமே? 1967-ல் சான் பிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். நிலையத்தில் டாம் டொனாஹ்யூ, ஆல்பங்களில் இருந்த நீண்ட ராக் பாடல்களைப் போட ஆரம்பித்தார்.

இங்கேதான் சிக்கல். பில்போர்டு பத்திரிகை 1958-ல் தொடங்கிய 'ஹாட் 100' பட்டியலில், தனி இசைத்தட்டாக விற்ற பாட்டுக்குத்தான் அப்போது இடம் இருந்தது. லெட் செப்பலின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' (1971) அங்கே அப்படி விற்பனைக்கு வரவில்லை. எஃப்.எம்.மில் ஓயாமல் ஒலித்தும் பட்டியலில் ஏறவில்லை!

1981 மார்ச்சில் பில்போர்டு, ராக் நிலையங்களில் அதிகம் ஒலிக்கும் ஆல்பங்களுக்கு ஒன்று, பாடல்களுக்கு ஒன்று எனப் பட்டியல் தொடங்கியது. பாடல்களில் முதன்முதலாக முதலிடம் பிடித்தவர் எரிக் கிளாப்டன். ஆல்பப் பட்டியல் 1984-ல் நின்றுபோனது. பாடல் பட்டியல் பெயர் மாறி மாறி நிலைத்தது.

கணக்கு எடுத்தது எப்படி? நிலையக்காரர் சொல்வார், பத்திரிகைக்காரர் எழுதிக்கொள்வார். போடாத பாட்டைப் போட்டதாகச் சொன்னவர்களும் உண்டு. பிறகு வந்ததுதான் பி.டி.எஸ். முறை. ஒவ்வொரு பாட்டின் சிக்னலிலிருந்தும் கைரேகை போல ஓர் அடையாளம் எடுத்துக் கணினியில் வைப்பார்கள். ஒலிபரப்பை ரிசீவர் வாங்கிக்கொண்டே இருக்கும். அடையாளம் பொருந்தினால் நிலையமும் நேரமும் பதிவாகிவிடும். 1991 நவம்பரில் ஹாட் 100 இம்முறைக்கு வந்தது. ராக் பட்டியலும் இதே வழிக்கு மாறியது.

இதைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவர் செங்கல் சூளையில் கல் அறுப்பவர். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. மேஸ்திரி நோட்டில் எழுதியதுதான் கணக்கு. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. பத்தாவது லீவில் நான் கூட நின்று எண்ணினேன். நோட்டில் நூறு கல் குறைவு! "எண்ணிக் காட்டட்டுமாண்ணே?" என்றேன். முழுக்கூலி வந்தது. வழியெல்லாம் பேசாத அப்பா, வீட்டு வாசலில் "நீ படிடா" என்றார், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட நான் போன மாதம் லேபில் ரீடிங் சரியாக வரவில்லை என்று பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினேன். மேஸ்திரிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

தோழர்களே, நாளை மீட்டரைப் பார்த்து நாம் எழுதும் நம்பரை நம்பி யாரோ ஒருவர் வேலை செய்வார். முள் காட்டியதையே எழுதுவோம்!

— மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை