தில்லிக் குளிரில் ஸ்நாப்டிராகன் வளர்ப்பு

தீபாவளியை ஒட்டித் தில்லி நர்சரிகளில் பூ நாற்றுகள் வந்து குவியும். மாலிகள் ‘டாக் ஃப்ளவர்’ என்று சொல்லும் ஸ்நாப்டிராகன் அவற்றுள் ஒன்று. பூவின் இரு பக்கமும் மெல்ல அழுத்தினால் வாய் திறக்கும். குழந்தைகளுக்கு அதில் தனி மகிழ்ச்சி. ஆனால் “பொங்கலுக்குள் செடி அழுகிவிட்டது, குளிர் தாங்கவில்லை” என்று நம் அன்பர்கள் பலர் சொல்லக் கேட்கிறேன். பெரும்பாலும் குற்றவாளி குளிர் அல்ல, தண்ணீர்தான்.

இச்செடியின் சொந்த இடம் ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ் போன்ற மத்தியதரைக் கடல் பகுதி. வேர் பிடித்து, குளிருக்குப் பழகிய செடி பூஜ்யத்துக்கு ஓரிரு டிகிரி கீழேயும் தாங்கும். தில்லி சப்தர்ஜங்கிலோ 1935 ஜனவரியில் மைனஸ் 0.6 டிகிரி பதிவானது. 2021 புத்தாண்டுக் காலையில் 1.1 டிகிரி. இத்தகைய இரவுகள் அபூர்வம். அன்று மட்டும் இளம் நாற்றுகளைப் பழைய வேட்டியால் மூடி, காலையில் எடுத்துவிட்டால் போதும். அறைக்குள் வைக்க வேண்டாம். வெளிச்சம் இன்றித் தண்டு நீண்டு சாய்ந்துவிடும்.

வெயில்: டிசம்பர் 22 வாக்கில் நண்பகல் சூரியன் சென்னையில் சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும், தில்லியில் 38 டிகிரிதான். தெற்குப் பார்த்த பால்கனியில் வெயில் உள்ளே வரை வரும். வடக்கு பால்கனியில் விழவே விழாது. ஆகவே தெற்குப் பக்கமோ மொட்டை மாடியோதான் சரியான இடம்.

தொட்டி: ஒரு செடிக்கு 8 அங்குலத் தொட்டி போதும். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி பரப்புவதன் ஒரு காரணம், மழைநீர் தேங்காமல் வடிவதற்காக. தொட்டிக்கும் அதே விதிதான். அடித்துளை மேல் ஓட்டுத்துண்டு வைத்து, தோட்டமண் இரண்டு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள்.

தண்ணீர்: ஊரில் தினமும் காலை மாலை ஊற்றிய பழக்கம் இங்கே உதவாது. பனிமூட்ட நாட்களில் தொட்டி மண் எளிதில் காயாது. விரலை ஓர் அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று ஊற்ற வேண்டாம். ஊற்றுவதைக் காலை பத்து மணிக்கு மேல், இலை நனையாமல், அடியில் ஊற்றுங்கள். இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் துரு நோய் வரும். இலையின் அடியில் பழுப்புத் தூள் தெரிந்தால் அந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், தொட்டியில் விடாதீர்கள்.

கிள்ளுதல்: நாற்று நான்கு அங்குலம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். மனம் வராதுதான். ஆனால் ஒரு தண்டுக்குப் பதில் நான்கைந்து கிளைகள் வரும். மொட்டு வைக்கும்போது கடுகுப் புண்ணாக்கை ஊறவைத்து, வெளிறிய தேநீர் நிறத்துக்கு நீர்க்கச் செய்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றலாம். பிப்ரவரியில் அசுவினி தென்பட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து தெளியுங்கள். வாடிய கதிர்களை வெட்டிவிட்டால் மறுபடி பூக்கும்.

சொந்த மண்ணில் இது சில ஆண்டுகள் வாழும் செடி. தில்லியின் மே மாத வெயிலை மட்டும் தாங்காது. ஏப்ரலில் வாடினால் தண்ணீரைக் கூட்டிக் காப்பாற்ற முயல வேண்டாம். அதற்கு முன்பே ஒன்றிரண்டு கதிர்களை வெட்டாமல் விட்டு, காய் பழுப்பானதும் காகிதத்தில் உதிர்த்து விதை எடுத்து வையுங்கள். செப்டம்பர் இறுதியில் மண்மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும். விதை முளைக்க வெளிச்சம் வேண்டும், மண்ணால் மூடக்கூடாது.

பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் நூலில் இந்தப் பூவே எடுத்துக்காட்டு: சிவப்பும் வெள்ளையும் கலந்தால் இளஞ்சிவப்பு, அதன் அடுத்த தலைமுறையில் சிவப்பு ஒன்று, இளஞ்சிவப்பு இரண்டு, வெள்ளை ஒன்று. கடையில் வாங்கும் கலப்பின வகைகளில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. இருந்தாலும் இளஞ்சிவப்புப் பூவின் விதையைத் தனியே விதைத்து, வரும் நிறங்களைக் குழந்தைகளையே எண்ணச் சொல்லுங்கள்.