ராத்திரிக்கு ஒரு செம்புத் தண்ணீர்

செம்பூர்,
திங்கட்கிழமை

அன்பு மகளுக்கு, பெரியம்மா எழுதுவது.

நேற்று தாராவிக்கு வந்தபோது சின்னவள் வாசற்படியில் உட்கார்ந்து பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டிருந்தாள். நீ குழாயடியில் நின்றாய். குறை சொல்ல எழுதவில்லை, கண்ணு. தண்ணீர் நிற்பதற்குள் டிரம் நிரப்பணும், கக்கூஸ் வரிசையில் நிற்கணும், டப்பா கட்டணும். தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் ஒற்றை அறையில் பிள்ளை வளர்த்தவள்தானே நானும். அந்த நேரத்தில் பல் தேய்ப்பதை யார் நின்று பார்ப்பது?

அதனால் ராத்திரியைப் பிடித்துக்கொள். காலையில் தேய்ப்பது இருக்கட்டும், ராத்திரி மட்டும் தவறவே கூடாது. பாத்திரம் கழுவுகிற மோரி ஓரமாக ஒரு செம்புத் தண்ணீரைத் தனியாக எடுத்து வை. தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும். சாயாவில் தோய்த்துத் தின்ற பார்லே-ஜி பல்லிடுக்கில் விடியும்வரை கிடந்தால், கிருமி அதை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும். தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் கொடுக்காதே. கைப்பிள்ளைக்கும் சர்க்கரை போட்ட பால்புட்டியோடு தூங்குகிற பழக்கம் வேண்டாம்.

நீயே தேய்த்துவிடு. அவளை மடியில் உட்காரவைத்து, தலையை உன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டால் கடைவாய்வரை தெரியும். ஏழு எட்டு வயசுவரை பிள்ளைக் கைக்கு அந்த வாகு வராது. ஃப்ளோரைடு சேர்ந்த பேஸ்ட் அவளுக்குப் பட்டாணி அளவு, மூன்று வயசு ஆகாத தம்பிக்கு அரிசி அளவு. நுரையைத் துப்பினால் போதும், திரும்பத் திரும்பக் கொப்பளிக்க வேண்டாம். மருந்து கொஞ்ச நேரம் பல்லில் தங்கட்டும்.

இன்னொன்று, மனசில் உறுத்துவது. ஆச்சி மசேரி தேய்ப்பதைச் சின்னவள் கண் இமைக்காமல் பார்க்கிறாள். நம் ஊரில் வேப்பங்குச்சி ஒடித்தவர்கள்தான் இங்கே வந்து அக்கம்பக்கத்தில் இதைப் பழகிக்கொண்டோம். வறுத்த புகையிலைப் பொடி அது, வாய்ப்புற்றைக் கொண்டுவரும். பல்பொடியிலும் பேஸ்டிலும் புகையிலை கூடாதென்று 1992லேயே அரசாங்கம் தடை போட்டாயிற்று. ஆனால் வீட்டுத் தகரத்தில் வறுப்பதை யார் வந்து பார்ப்பது? ஆச்சியோடு சண்டைக்குப் போகாதே. பேத்தி கண்ணில் படாமல் தேய்க்கச் சொல், டப்பாவை எட்டாத இடத்தில் வை. மெதுவாக விடவும் சொல்லிப் பார்.

அவளுக்கு ஆறு வயசு ஆகப்போகிறது அல்லவா? பால்பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். உன் அண்ணனுக்கு வந்தபோது, விழுகிற பல்தானே என்று விட்டுவிட்டேன். அது ஆயுசுக்கும் இருக்கவேண்டிய பல். பத்து வயசில் ராத்திரியெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான், கடைசியில் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. அந்த இடம் இன்றும் காலியாக இருக்கிறது.

இன்று ராத்திரி தேய்க்கும்போது சின்னவளின் பால்பல் வரிசைக்குப் பின்னால் மொபைல் வெளிச்சத்தில் பார். ஈறு வெளுத்து முனை தெரிந்தாலும் சரி, கரும்புள்ளி தெரிந்தாலும் சரி, உடனே போன் போடு. மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் ஆஸ்பத்திரிக்கு நானே கூட வருகிறேன்.

பெரியம்மா