புதுக் கணினியும் பழைய கடன் கணக்கும்

 

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஐப் போடுவதற்கு, இன்டெல் கணினியானால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் சிப்பும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் வேண்டும். நமது கடைகளில் பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளுக்கு அது சரிவராது. இதனால் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கங்களில் எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள் பலர் புதுக் கணினிக்கு மாறிவருகிறார்கள். வாங்குவது அரை நாள் வேலை. பழையதில் இருக்கும் கணக்கைப் புதியதில் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் கோளாறுகள் வருகின்றன. என்னிடம் வந்து கேட்கப்பட்ட கோளாறுகளையும் அவற்றுக்குச் செய்ய வேண்டியதையும் இவ்வாரம் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயம். கொழும்பில் ஒருவர் பைல் மாற்றுவதும் நாம் மாற்றுவதும் ஒன்றல்ல. நமது கணினியில் தோட்டத்து மக்களின் கடன் இருக்கிறது. அரிசி, கோதுமை மா, பருப்பு, தேங்காய் எண்ணெய் என்று மாதம் முழுவதும் கொண்டுபோய், 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம் கிடைத்ததும் வந்து கட்டுகிறார்கள். கட்டியதற்குத் துண்டு கேட்பவர்கள் குறைவு. "முதலாளி, கழிச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நம் எழுத்தை நம்பித்தான் போகிறார்கள். கடனை எழுதிவைப்பது பற்றிய சூரா அல்பகராவின் 282ஆவது வசனம் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். தொகை சிறியதோ பெரியதோ எழுதச் சலிப்படைய வேண்டாம் என்று அதில் நமக்குக் கட்டளை இருக்கிறது. எழுதிய பைல் கணினி மாறும்போது கெட்டுப்போனால் அந்த அமானிதமும் சேர்ந்துதான் கெடுகிறது.

கோளாறுகளிலேயே மிக மோசமானது, கணினி எந்தப் பிழையும் சொல்லாத கோளாறு. பைல் திறக்கிறது, பெயர்கள் இருக்கின்றன, தொகைகளும் இருக்கின்றன. ஆனால் அது பழைய பிரதி. எப்படி நடக்கிறது என்றால், கணினி பார்க்கும் தம்பி 5ஆம் திகதி வந்து எல்லாவற்றையும் கொப்பி பண்ணிக்கொண்டு போகிறார். புதுக் கணினி 13ஆம் திகதிதான் கடைக்கு வருகிறது. இடைப்பட்ட எட்டு நாளும் நாம் பழையதில் எழுதுகிறோம். அந்த எட்டு நாளில்தான் சம்பளம் வந்து, பாதிப்பேர் கடனைக் கட்டியிருக்கிறார்கள். புதியதில் அவர்கள் இன்னும் கட்டாதவர்கள்! 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 2,700 ரூபாயை இரண்டாம் முறை கேட்பதென்றால், இரண்டு நாள் கொழுந்து பறித்த கூலியைக் கேட்பதாகும். கேட்கும் நாமும் நேர்மையாகத்தான் கேட்கிறோம், கணினியில் அப்படித்தான் இருக்கிறது என்று. அவரிடமோ காட்டுவதற்குத் துண்டு இல்லை.

இதற்கு ஒரே வழி, மாற்றுவதற்கென்று ஒரு நாளைக் குறித்துக்கொள்வது. சம்பள வாரத்தில் வேண்டவே வேண்டாம். 20ஆம் திகதிக்குப் பின் ஓர் இரவு கடையைப் பூட்டியதும் கடைசிப் பதிவை எழுதிவிட்டு, அதற்குப் பிறகு கொப்பி பண்ணுங்கள். பழைய கணினியை நிறுத்தி வயரையும் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் வேலைக்கு வரும் பையன் பழக்கதோஷத்தில் அதில் எழுதத் தொடங்கிவிடுவான். புதியதில் முதற்பதிவு எழுதுமுன் மூன்றைப் பாருங்கள்: கடைசிப் பதிவின் திகதி, கடன்காரர்களின் எண்ணிக்கை, வரவேண்டிய மொத்தத் தொகை. மூன்றும் பழையதோடு ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். நான் இவற்றை மாற்றுமுன் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைப்பது வழக்கம்.

"கொப்பி பண்ணினேன், திறக்கவில்லை" என்பது அடுத்த முறைப்பாடு. அநேகமாக அது பைலே அல்ல, டெஸ்க்டொப்பில் இருக்கும் குறுக்குவழி. படத்தின் மூலையில் சிறிய வளைந்த அம்புக்குறி இருந்தால் அது வீட்டு விலாசம் மட்டுமே, வீடு அல்ல. அதன்மேல் வலது பக்கம் அழுத்தி, பைல் இருக்கும் இடத்தைத் திறக்கச் சொன்னால் உண்மையான இடத்துக்குக் கொண்டுபோகும். பில் அடிக்கும் மென்பொருள், கணக்கு மென்பொருள் என்பவற்றை இப்படி இழுத்துப் போட்டும் மாற்ற முடியாது. அவற்றின் தரவு வேறு போல்டரில் இருக்கும், மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால் கொப்பி பண்ணவும் விடாது. அந்த மென்பொருளிலேயே இருக்கும் பேக்கப் கட்டளையால் ஒரு பிரதி எடுத்து, புதியதில் அதே மென்பொருளைப் போட்டு, ரெஸ்டோர் கட்டளையால் ஏற்றுங்கள். புதியதில் போடும் பதிப்பு பழையதைவிடப் பிந்தியதாக இருக்கலாம், முந்தியதாக இருக்கக்கூடாது.

இனித் தமிழ் எழுத்து. நமது பகுதியில் பழைய பட்டியல்கள் பல பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. புதுக் கணினியில் பாமினி இல்லையென்றால், பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கிறுக்கலாகத் தெரியும். பைல் பழுதாகிவிட்டது என்று அழித்துவிடாதீர்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது. பாமினியில் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துத்தான், தமிழ் உருவம் மட்டுமே எழுத்துருவில் இருந்து வருகிறது. பழைய கணினியின் எழுத்துரு போல்டரில் இருந்து பாமினியை எடுத்துப் புதியதில் நிறுவினால் பெயர்கள் திரும்பி வந்துவிடும்.

ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். புதுக் கணினியில் நாம் யுனிகோடில் தட்டுகிறோம். யுனிகோடில் "செல்வம்" என்று தேடினால் பாமினியில் இருக்கும் செல்வம் அகப்படமாட்டார். ஆள் இல்லை என்று நினைத்துப் பையன் புதுக் கணக்குத் திறப்பான். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு, ஒன்றில் கடன், மற்றதில் கட்டிய காசு! ஆகவே பட்டியலை யுனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்ப் பெயர் உள்ள நிரலை மட்டும் மாற்றுங்கள். முழுத் தாளையும் போட்டால் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் சாமான் பெயர்களும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும்.

திகதிக் கோளாறு கண்ணில் படுவதே இல்லை. பழைய மென்பொருளில் இருந்து சி.எஸ்.வி. பைலாக எடுத்ததை எக்ஸெலில் திறக்கும்போது, புதுக் கணினி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 10/05/2025 என்பதை மே 10 என்று எடுக்காது, ஒக்டோபர் 5 என்று எடுத்துக்கொள்ளும். 25/05/2025 என்பதில் 25ஆம் மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். அடையாளம் இதுதான்: திகதிகளில் சில கட்டத்தின் வலது ஓரத்திலும் சில இடது ஓரத்திலும் நிற்கும். அப்படிக் கண்டால் சேவ் பண்ணாமல் மூடிவிட்டு, கணினியின் பிராந்திய அமைப்பைப் பிரித்தானிய முறைக்கு மாற்றித் திரும்பத் திறவுங்கள். அதே பைலில் தொலைபேசி இலக்கத்தின் முன்னால் உள்ள பூச்சியமும் பறந்துபோகும். 12 இலக்க அடையாள அட்டை எண் சுருக்கப்பட்டு வேறு விதமாகத் தெரியும். அப்படியே சி.எஸ்.வி.யாகச் சேவ் பண்ணினால் அசல் எண் திரும்பி வராது.

பென் டிரைவில் இடம் தாராளமாக இருந்தும் "பைல் பெரிது" என்று மறுத்தால், அது பெட் 32 என்ற முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிப்பைல் போகாது. எக்ஸ்பெட் முறையில் போர்மட் பண்ணினால் போகும். போர்மட் பண்ணினால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும் என்பதையும் மறக்க வேண்டாம். கொப்பி பண்ணுங்கள், கட் பண்ணாதீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு அகப்பட்டு நாடு முழுவதும் மின்சாரம் போனது நினைவிருக்கும். கட் பண்ணி நகர்த்தும் பாதியில் கரண்ட் போனால், எது எங்கே நின்றது என்று தேடியே பொழுது போய்விடும்.

புதுக் கணினிக்கு என்றே வந்த ஒரு தொல்லையும் இருக்கிறது. விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசொப்ட் கணக்கைக் கொடுத்து ஆரம்பிக்கும்போது ஹார்ட் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. பின்பு பழுது ஏற்பட்டால் 48 இலக்கத் திறவுகோல் எண் கேட்கும். அந்த எண் எந்த மின்னஞ்சலில் கணினி ஆரம்பிக்கப்பட்டதோ அந்தக் கணக்கில்தான் இருக்கும். அவசரத்துக்குத் தம்பி தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டு ஆரம்பித்திருந்தால், உங்கள் கடையின் சாவி அவர் சட்டைப்பையில். அவர் கட்டாருக்குப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? உங்கள் மின்னஞ்சலிலேயே ஆரம்பிக்கச் சொல்லி, அந்த எண்ணைத் தாளில் எழுதிப் பணப்பெட்டியில் வையுங்கள்.

பிரதி எங்கே வைப்பது என்பதற்கு நமது அரசாங்கத்துக்கே நடந்ததைப் பாருங்கள். 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. சேவையைத் திரும்ப இயக்கினார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனவை போனவைதான். பிரதிகளும் அதே வலையமைப்பில் இணைந்திருந்ததால் அவையும் சேர்ந்தே பூட்டப்பட்டன, கழற்றித் தனியாக வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. இவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படியென்றால், கணினியின் பின்னால் எந்நேரமும் செருகியே இருக்கும் பென் டிரைவைப் பிரதி என்று சொல்லலாமா? வாரம் ஒரு முறை பிரதி எடுத்து, கழற்றி, கடையில் அல்லாமல் வீட்டில் வையுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் மலையகம் பட்டபாட்டுக்குப் பின் இதற்கு விளக்கம் தேவையில்லை.

வருமான வரிச் சட்டப்படி கணக்குப் பதிவுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். ஆகவே பழைய வருடங்களின் பைல்களும் புதியதில் திறக்கின்றனவா என்று பாருங்கள். திறக்காதவற்றைப் பழைய கணினியிலேயே பி.டி.எப். ஆக்கிக்கொள்ளலாம்.

மாற்றிய பின் வரும் முதல் சம்பளத் திகதிக்கு முந்திய இரவு, கடன் பட்டியலை அச்சடித்துக்கொள்ளுங்கள். அன்று கட்டுபவர்களைக் கணினியிலும் போட்டு, தாளிலும் பேனையால் குறியுங்கள். யாராவது "நான் போன மாசமே கட்டிட்டேனே முதலாளி" என்றால் அவரை நிற்கவைத்து வாதாட வேண்டாம். சாமானைக் கொடுத்து அனுப்பிவிட்டு, இரவு பழைய கணினிக்கு வயரைச் செருகி அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். அதற்காகவே இரண்டு சம்பளம் போகும் வரை பழைய கணினியை விற்காதீர்கள். விற்கும்போதும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெறும் பெட்டியைக் கொடுங்கள். அதற்காக விலை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அத்தனை பேருடைய அடையாள அட்டை எண்ணும் கடனும் அதற்குள் இருக்கின்றன.