கடைமடைக்கும் தண்ணி போகணும்!

போன செமஸ்டரில் நான் செய்த ஒரு தப்பிலிருந்தே இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கிறேன்.

லிட்டரேச்சர் சர்வே எழுதணும், "உன் லாகின் கொஞ்சம் குடுடா"ன்னு நண்பன் கேட்டான். பாஸ்வேர்டைச் சொல்லிட்டேன். அவன் பைத்தானில் சின்னதா ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளை டவுன்லோட் பண்ணினான். சாயங்காலம் அந்தப் பதிப்பகத்தின் தளம் யாருக்குமே திறக்கலை. ஃபைனல் இயர் சீனியர்களுக்கு ரெண்டு நாளில் ப்ராஜெக்ட் ரிவ்யூ. லாகைப் பார்த்தால் என் ரெஜிஸ்டர் நம்பர்!

ஒருத்தன் செய்ததுக்கு எல்லாருக்கும் ஏன் தடை? நம்ம கேம்பஸுக்குள் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி முகவரி இருக்கு. ஆனால் வெளியே போகும்போது எல்லாருமே பொதுவான ஒரு ஐபி முகவரியில்தான் தெரிவோம். அந்தப் பதிப்பகத்துக்கு நீங்களும் நானும் ஒரே ஆள். இயந்திரம் மாதிரி யாராவது இறக்கினால், அந்த முகவரியையே மூடிடுவாங்க.

ஏரிக்கு 6 பேர்

இந்தப் பிரச்சினை நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுன்னாலே குடவோலைத் தேர்தல்தான் ஞாபகம் வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. எதுக்காகத் தேர்தல்னு பார்த்தால், பொதுச் சொத்தைப் பார்த்துக்கொள்ளத்தான். 30 குடும்புகளிலிருந்து ஆள் எடுத்து, சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள்.

நிலம், வீடு, வேதக் கல்வி இருந்தவர்களுக்கு மட்டுமே அதில் இடம். அதனால் அதை இன்றைய ஜனநாயகம்னு சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு விதி நமக்கு நேராகப் பொருந்தும்: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக்கூடாது!

இன்றைக்கு யூசர் அக்கவுன்ட்டையும் தமிழில் 'கணக்கு'ன்னுதான் சொல்றோம். பொருத்தமான சொல். உங்க பெயரில் என்ன நடந்ததோ அதுக்கு நீங்கதான் கணக்குச் சொல்லணும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

ஏரிப் பாசனத்தில் தலைமடைக்காரர் மடையை அடைக்காமல் விட்டால் கடைமடை காயும். லேபிலும் அதே கதைதான். 100 எம்பிபிஎஸ் லைன், 60 சிஸ்டம்னு வைத்துக்கொள்ளுங்கள். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு சுமார் 1.7 எம்பிபிஎஸ். ஒருத்தர் 40 ஜிபி கேம் இறக்குகிறார். 40 ஜிபி என்பது 320 ஜிகாபிட். முழு லைனையும் அவரே எடுத்தாலும் 3200 வினாடி, அதாவது 53 நிமிஷம் ஆகும். ஒரு லேப் பீரியடே போச்சு!

கரன்டும் அப்படித்தான். சும்மா ஓடும் சிஸ்டம் 50 வாட் எடுத்தால், 60 சிஸ்டம் ராத்திரி 14 மணி நேரத்தில் 42 யூனிட்.

"கெட்ட எண்ணம் இல்லை சார்"

நானும் இதைத்தான் சொன்னேன். எனக்கு முன்னாடியே ஒருத்தர் சொல்லியிருக்கிறார். ராபர்ட் டாப்பன் மோரிஸ், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர். 1988 நவம்பர் 2 அன்று, தானாகவே பரவும் ஒரு ப்ரோகிராமை இன்டர்நெட்டில் விட்டார். எதையும் அழிப்பது அவர் நோக்கம் இல்லை. ஆனால் ஒரே கம்ப்யூட்டரில் அது திரும்பத் திரும்பப் புகுந்ததால், ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் திணறி நின்றன. 1990இல் தீர்ப்பு: 3 வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரம் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம்.

நம்ம நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இருக்கு. அதில் பிரிவு 66சி படி, அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் 3 வருஷம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நாம் செய்யக்கூடியவை

1. பாஸ்வேர்டு யாருக்கும் வேண்டாம். நண்பனுக்குக் கட்டுரை வேணும்னா, பக்கத்தில் உட்கார்ந்து அவன் லாகினிலேயே தேடிக் கொடுங்க.
2. கட்டுரைகளைப் படிக்கப் படிக்க இறக்குங்க. ஸ்கிரிப்ட் போட்டு மொத்தமாக அள்ள வேண்டாம்.
3. பொது லினக்ஸ் சர்வரில் வேலை ஓட விடும் முன் 'டாப்' கட்டளை கொடுத்து வேற யார் வேலை ஓடுதுன்னு பாருங்க. அவசரமில்லாத வேலையை 'நைஸ்' கட்டளையில் 19 கொடுத்து ஓட்டுங்க. மற்றவர்கள் வேலைக்கு முன்னுரிமை கிடைக்கும்.
4. பென் டிரைவை ஸ்கேன் பண்ணாமல் எந்த ஃபைலையும் திறக்காதீங்க.
5. எழுந்து போகும்போது லாக் அவுட். கடைசி பேட்ச் என்றால் ஷட் டவுன்.
6. தப்பு நடந்துட்டா உடனே சொல்லுங்க. மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அடுத்தவர் நேரம்.

ஆறாவதைத்தான் நான் செய்யலை. லாகில் என் நம்பர் வந்த பிறகுதான் வாயைத் திறந்தேன். நூலகர் பதிப்பகத்துக்கு மெயில் அனுப்பி, மூணாவது நாள் தளம் திறந்தது. அதுக்குள் சீனியர்களின் ரிவ்யூ முடிஞ்சிருந்தது. ஒரு அக்கா, தேவையான கட்டுரையைப் பார்க்க முடியாமலே ரிவ்யூவுக்குப் போனாங்க. போய் மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த வருஷம் உனக்கும் ரிவ்யூ வரும்ப்பா"ன்னு மட்டும் சொன்னாங்க.

அடுத்த முறை லேபில் லாகின் பண்ணும்போது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரை ஒரு தடவை திரும்பிப் பாருங்க. கடைமடை அங்கேதான் இருக்கு.