ஏஐ உதவியாளரின் நினைவு: யார் யார் படிக்கலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் வீட்டில் பெரும்பாலும் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவர் இருப்பார். அவர் முதலில் இன்ஸ்டால் செய்யும் சாப்ட்வேர்களில் ஒன்று, புரோகிராம் எழுத உதவும் ஏஐ உதவியாளர். க்ளாட் கோட், கிட்ஹப் கோபைலட், கர்சர் என்று பல உள்ளன. "இப்படி ஒரு கணக்கு புரோகிராம் வேண்டும்" என்று டைப் செய்தால் எழுதித் தருகின்றன. "இதை நினைவில் வைத்துக்கொள்" என்றால் வைத்துக்கொள்கின்றன. இந்த இரண்டாவது வசதியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அதைக் கவனிக்காமல் விட்டு நான் பட்ட பாட்டையும் சொல்லி விடுகிறேன்.

நினைவு என்பது என்ன?

இதில் மாயம் எதுவும் இல்லை. ஏஐ உதவியாளர் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பழைய பேச்சை மறந்த நிலையில்தான் தொடங்குகிறது. அதனால் நினைவில் இருக்க வேண்டியவற்றை ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதி வைத்து, அடுத்த முறை தொடங்கும்போது அதைப் படித்துக்கொள்கிறது. நோட்பேடில் திறந்தால் நீங்களும் படிக்கலாம்.

அப்படியானால் கேள்வி ஒன்றுதான். அந்த பைல் எந்த போல்டரில் இருக்கிறது? அந்த போல்டர் யார் யாருக்குப் போகிறது?

நரிக்குடியில் நடந்தது

எங்கள் ஊர் நரிக்குடியில் என் மாமா ஒருவர் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறார். விவசாயிகளுக்கு முன்பணம் கொடுப்பார். வத்தல் வந்ததும் கழித்துக்கொள்வார். அவருக்கு ஒரு கணக்கு புரோகிராம் எழுதினேன். இன்ஜினியரிங் படிக்கும் ஊர்ப் பையன்கள் இருவர் உதவிக்கு வந்தார்கள். மூவரும் கிட் என்ற சாப்ட்வேர் மூலம் புரோகிராமைப் பகிர்ந்துகொண்டோம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் எழுதியது இது. ஒருவர் செய்யும் மாற்றம் மற்றவர்களுக்கும் போய்ச் சேரும். பழைய நிலை ஒவ்வொன்றும் பத்திரமாக இருக்கும்.

மாமா சொல்லச் சொல்ல ஏஐ உதவியாளரிடம் "நினைவில் வை" என்று சொல்லிக்கொண்டே போனேன். சாக்கு எடை எவ்வளவு கழிப்பது, கமிஷன் எப்படிப் போடுவது என்பதோடு, குறிப்பிட்ட ஒருவருக்கு வட்டி போட வேண்டாம் என்பதையும் அவர் பெயரோடு சேர்த்தேன். காரணத்தையும் எழுதினேன். எங்கே சேமிப்பது என்று அது கேட்டபோது, வேலைக்கான பொது நினைவைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பையன்களில் ஒருவன் தயங்கித் தயங்கி, "அண்ணே, அவருக்கு மட்டும் வட்டி இல்லையான்னு அப்பா கேக்குறாரு" என்றான். அவன் அப்பாவும் அதே கடையில் முன்பணம் வாங்கி வட்டி கட்டுபவர்.

மாமா கோபப்படவில்லை. "மாப்ளே, நான் நோட்டைப் பெட்டியில வச்சுப் பூட்டுறேன். நீ அதைத் திண்ணையில விரிச்சு வச்சிட்டியே" என்றார். அவ்வளவுதான். ஆனால் வட்டி தள்ளுபடி பெற்றவர் அதன் பிறகு கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

தப்பு சாப்ட்வேரில் இல்லை. அது கேட்டது, நான் படிக்காமல் பதில் சொன்னேன்.

மூன்று எல்லைகள்

இத்தகைய உதவியாளர்களில் நினைவுக்கு வெவ்வேறு எல்லைகள் உண்டு. க்ளாட் கோட் சாப்ட்வேரை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம்.

1. எனக்கு மட்டும், என் எல்லா வேலைகளுக்கும்: விண்டோஸ் கம்ப்யூட்டரில் சி டிரைவ், யூசர்ஸ், அதில் உங்கள் பெயருள்ள போல்டர், அதனுள் முன்னால் புள்ளி வைத்த ".க்ளாட்" போல்டர் என்று செல்லவும். அங்கே "க்ளாட்.எம்டி" என்ற பைலில் எழுதுவது (பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும்) நீங்கள் எந்த புரோகிராம் எழுதினாலும் படிக்கப்படும். மற்றவர்களுக்குப் போகாது.

2. இந்த வேலைக்கு, வேலை செய்யும் எல்லோருக்கும்: புரோகிராம் இருக்கும் போல்டரிலேயே வைக்கப்படும் "க்ளாட்.எம்டி" பைல். இதைக் கிட்டில் சேர்த்தால் புரோகிராமோடு அனைவருக்கும் போகும். கோபைலட் பயன்படுத்துவோர் ".கிட்ஹப்" போல்டரில் எழுதி வைக்கும் குறிப்பு பைலும் இந்த வகைதான்.

3. இந்த வேலைக்கு, எனக்கு மட்டும்: அதே போல்டரில் "க்ளாட்.லோக்கல்.எம்டி" என்ற பைல். இதன் பெயரை ".கிட்இக்னோர்" என்ற பைலில் ஒரு வரியாகச் சேர்த்து விடவும். கிட் அதைத் தொடாது.

இவை தவிர, க்ளாட் கோட் தானாகவும் குறிப்பு எழுதிக்கொள்ளும். அது உங்கள் ".க்ளாட்" போல்டருக்குள், வேலைக்கு ஒன்றாக, அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும். சாய்கோடு போட்டு மெமரி என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால், நினைவு பைல்களின் பட்டியல் கிடைக்கும். அங்கிருந்தே திறந்து, வேண்டாத வரிகளை நீக்கலாம். தானாக எழுதுவதையும் நிறுத்தி வைக்கலாம்.

எதை எங்கே வைப்பது?

எங்கள் பக்கம் கண்மாய்த் தண்ணீர் ஆயக்கட்டு முழுவதற்கும் பொது. தோட்டத்துக் கிணறு அந்தத் தோட்டக்காரருக்கு. கையில் எடுத்துப் போகும் தண்ணீர், போகிற இடமெல்லாம் கூட வரும். நினைவுகளையும் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சாக்கு எடை கழிக்கும் விதி கண்மாய். எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஒரு முறை இதை என் கம்ப்யூட்டரில் மட்டும் வைத்திருந்தேன். பையன்களின் உதவியாளருக்கு அது தெரியாததால், ஒரே மூட்டைக்கு இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு தொகை வந்தது. எல்லையை அளவுக்கு மேல் குறுக்கினாலும் தொல்லைதான்.

சோதனைக்காக என் கம்ப்யூட்டரில் எந்த போல்டரைப் பயன்படுத்துகிறேன் என்பது கிணறு. மூன்றாவது எல்லையில் வைக்கலாம்.

"எனக்குத் தமிழில் விளக்கம் சொல்" என்பது கையில் எடுத்துப் போகும் தண்ணீர். முதல் எல்லைக்குப் பொருந்தும். ஆனால் "தொகையை முழு ரூபாயாக்கு" என்பதையும் நான் அங்கேயே வைத்தேன். பிறகு பால் கணக்குக்கு எழுதிய புரோகிராமில் பைசாக்கள் காணாமல் போயின!

சரி, இன்னாருக்கு வட்டி இல்லை என்பது எந்த எல்லை? எதுவும் இல்லை. அது நினைவே அல்ல, கடையின் தகவல். பாஸ்வேர்ட் போட்ட கணக்கு பைலில், அவர் பெயருக்கு நேராக வட்டி 0 என்று இருந்தால் போதும். காரணத்தை எங்குமே எழுதத் தேவையில்லை. வேலையை எப்படிச் செய்வது என்பது மட்டும் நினைவுக்குப் போக வேண்டும். ஆட்களைப் பற்றிய செய்தியும் பாஸ்வேர்டும் போகக் கூடாது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். "எனக்கு மட்டும்" என்றால் கூட வேலை செய்பவர்களுக்குப் போகாது என்றுதான் பொருள். நினைவு பைலில் உள்ளது உங்கள் கேள்வியோடு சேர்ந்து ஏஐ நிறுவனத்தின் சர்வருக்குப் போகத்தான் செய்யும்.

ஏற்கெனவே பகிர்ந்து விட்டால்?

பைலைத் திறந்து அந்த வரியை அழித்தால் போதும் என்று நானும் நினைத்தேன். போதாது. கிட் பழைய நிலைகளை வைத்திருக்கும். யார் வேண்டுமானாலும் பின்னோக்கிப் போய்ப் படிக்கலாம். கிட்டில் ஏற்கெனவே சேர்ந்த பைலின் பெயரைப் பிறகு ".கிட்இக்னோர்" பைலில் எழுதுவதாலும் பயன் இல்லை.

பகிர்ந்தது பாஸ்வேர்ட் என்றால், முதல் வேலையாக அந்த பாஸ்வேர்டை மாற்றவும். மற்றவை பிறகு. 2016ல் ஊபர் நிறுவனத்தின் இன்ஜினியர்கள் கிட்ஹப்பில் தனியாக வைத்திருந்த பகுதிக்குள் வெளியாட்கள் நுழைந்தார்கள். அங்கே கிடைத்த சாவியைக் கொண்டு 5 கோடியே 70 லட்சம் பேரின் தகவல்களை எடுத்தார்கள். "பிரைவேட்" என்று போட்டிருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்து விடாது.

நாங்கள் பழைய பகிர்வை முழுவதும் நீக்கி, சுத்தம் செய்த பைல்களைக் கொண்டு புதிதாகத் தொடங்கினோம். பையன்களும் தங்கள் கம்ப்யூட்டரில் இருந்த நகலை அழித்தார்கள். படித்தவர் மனதில் இருப்பதை அழிக்கத்தான் கட்டளை இல்லை.

புரோகிராம் எழுதாதவர்களுக்கு

இதே சிக்கல் சாட்ஜிபிடியிலும் உண்டு. அதில் நினைவு வசதி 2024ல் வந்தது. வீட்டில் நான்கு பேர் ஒரே அக்கவுண்ட்டைப் பயன்படுத்தினால், நான்கு பேரின் நினைவும் ஒன்றாகக் கலந்திருக்கும். அப்பா கேட்ட மருத்துவச் சந்தேகம் மகனின் பதிலில் எட்டிப் பார்க்கலாம். செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், மெமரி என்று சென்று, சேமித்தவற்றைப் பார்த்து நீக்கவும். உரையாடலை மட்டும் அழித்தால், அதிலிருந்து சேமித்த நினைவு அழியாது. இயன்றால் ஆளுக்கு ஓர் அக்கவுண்ட் வைத்துக்கொள்வது நல்லது.

இன்றே உங்கள் நினைவு பைலைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். அதில் பெயர் வரும் மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரியைப் படித்தால் உங்களுக்குச் சங்கடமாக இருக்குமா? இருக்கும் என்றால், அந்த வரி அங்கே இருக்கக் கூடாது.